எட்டாத தூரத்தில் ஒரு பழுது



ஒருநாள் பள்ளி முடிந்த வேளையில், பேரனை அழைத்துப்போக வந்த பாட்டியார் ஒருவர் வாசலிலேயே நம்மை நிறுத்திக்கொண்டார். விண்கலம் ஒன்றைப் பழுது பார்த்த செய்தியை முதல்நாள் வகுப்பில் சொல்லியிருந்தோம். பேரன் அதை வீட்டில் அரைகுறையாக ஒப்பித்திருக்கிறான். "ஏன் வாத்தியாரே, அவ்வளவு தூரத்துல போற சாமானை யாரு போயி ரிப்பேர் பண்ணுனா? எந்த ஏணியில ஏறுனாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துத் தள்ளும் கேள்வியன்று. ஏணியில்லாமல் நடந்த அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அந்த விண்கலத்தின் பெயர் வாயேஜர் 1. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அதை அனுப்பியது. கேள்வி கேட்ட பாட்டியார் அப்போது மங்கும் கத்தியுமாகப் பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இளம்பெண். கலம் 1979இல் வியாழனையும் 1980இல் சனியையும் நெருங்கிப் படம் பிடித்தது. வியாழனின் துணைக்கோளாகிய ஐயோவில் எரிமலை குமுறுவதை உலகம் முதன்முதலில் கண்டது அந்தப் படங்களில்தான். அதற்குப் பிறகும் கலம் நிற்கவில்லை. 2012 ஆகஸ்டில் சூரியக் காற்று வீசும் எல்லையைக் கடந்து, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் புகுந்தது. மனிதன் செய்த பொருள்களில் அந்த எல்லையை முதலில் தாண்டியது அதுவே.

இதில் பொன்முலாம் பூசிய ஓர் இசைத்தட்டும் இருக்கிறது. என்றேனும் வேற்றுலக உயிர்கள் எடுத்துக் கேட்கக்கூடும் என்று 55 மொழிகளில் வாழ்த்துச் சொல்லி வைத்தார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை! நமக்கு இது சற்று மனக்குறைதான். போகட்டும், கதைக்கு வருவோம்.

2023 நவம்பரில் கலம் திடீரென்று உளறத் தொடங்கியது. ஒன்றும் சுழியுமாக ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்ததேயன்றி, அதில் பொருள் ஏதும் இல்லை. கலம் உயிரோடு இருந்தது. சொன்ன கட்டளையைக் கேட்டது. ஆனால் வாய் குழறிவிட்டது.

அப்போது அது இருந்த தொலைவு ஏறக்குறைய 2,400 கோடி கிலோமீட்டர். சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடம் சொச்சம் ஆகிறது. அதே வேகத்தில் செல்லும் வானொலி அலை வாயேஜரைச் சென்றடைய இருபத்திரண்டரை மணி நேரம் ஆயிற்று. பதில் திரும்பி வர இன்னும் இருபத்திரண்டரை மணி நேரம். கலத்திலுள்ள ஒலிபரப்புக் கருவியின் ஆற்றலோ சுமார் 23 வாட். வீட்டு மின்விளக்கு ஒன்றுக்குப் போதுமானது, அவ்வளவே. அந்த மெல்லிய குரலைப் பிடிக்கக் கலிபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களில் மாபெரும் வானலைக் கிண்ணங்கள் வைத்திருக்கிறார்கள். பூமி சுழல்வதால் ஓரிடத்துக்கு மறைவது மற்றோரிடத்துக்குத் தெரியும்.

2024 மார்ச் மாதம் பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தூங்குகிறவனை விரலால் இலேசாகக் குத்தி எழுப்புவதுபோல், கலத்தின் கணினிக்கு ஒரு கட்டளை அனுப்பினார்கள். வந்த பதிலில் அதன் நினைவகம் முழுவதும் அப்படியே இருந்தது. பழைய பதிவோடு ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு சில்லு கெட்டுப்போய், நினைவகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு பழுதாகியிருந்தது தெரிந்தது.

சில்லை மாற்ற முடியாது. என்ன செய்வது? நம் பள்ளிப் பதிவேட்டின் நடுப்பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். புதிய பதிவேடு கிடைக்காது. எழுதவேண்டிய செய்தியோ முழுப்பக்க அளவு. மிச்சமுள்ள ஏடுகளில் முழுப்பக்கம் எங்கும் காலியில்லை. அப்போது, ஓர் ஓரத்தில் நான்கு வரி, வேறோர் அடியில் ஐந்து வரி என்று பிரித்தெழுதி, "தொடர்ச்சி இன்ன பக்கம் பார்க்க" என்று குறிப்பும் போடுவோம் அல்லவா? அதையேதான் அவர்கள் செய்தார்கள். கெட்ட இடத்திலிருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, நினைவகத்தின் மூலைமுடுக்குகளில் வைத்து, ஒன்றையொன்று சுட்டும் குறிப்புகளையெல்லாம் திருத்தினார்கள். ஒரு குறிப்புப் பிசகினாலும் காரியம் கெடும். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட வைக்க இடமில்லாத கணினி அது!

இதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்திய தாள்களைத் தேடியெடுத்துப் படிக்கவேண்டியிருந்தது. நம் வீடுகளில் பழைய தாள் என்றால் கடலை மடிக்கப் போய்விடும். அங்கே அவற்றை வைத்திருந்தார்கள். வைத்திருந்ததால் கலம் பிழைத்தது. புதிய கருவிகளின் பெருமையைவிட இதுவே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

2024 ஏப்ரல் 18ஆம் நாள் திருத்தம் புறப்பட்டது. போக ஒருநாள், வர ஒருநாள் என்று பொறியாளர்கள் காத்திருந்தார்கள். 20ஆம் நாள் பதில் வந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு, கலம் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொல்லிற்று. ஜூன் மாதத்துக்குள் அதன் நான்கு ஆய்வுக் கருவிகளும் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. 1972 முதல் 2022 வரை, ஐம்பது ஆண்டு இத்திட்டத்தின் தலைமை அறிவியலராக இருந்த எட்வர்டு ஸ்டோன் அதே ஜூன் 9ஆம் நாள் காலமானார்.

இவற்றைச் சொல்லி முடித்ததும் பாட்டியார், "அப்ப இனிமே சாகாதா?" என்றார். சாகும். கலத்துக்கு மின்சாரம் தருவது புளுட்டோனியத்தின் வெப்பம். அது ஆண்டுக்குச் சுமார் 4 வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். 2025 பிப்ரவரியிலும் ஒன்றை அணைத்தார்கள். எல்லாம் அணைந்த பிறகும் கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும். பேச்சு மட்டும் இராது.

2026 நவம்பரில் அதன் தொலைவு, ஒளி முழுதாக ஒருநாள் செல்லும் தூரத்தை எட்டும் என்பது கணக்கு. அந்தத் தூரத்தில், இன்று காலை நாம் வணக்கம் சொன்னால் நாளைக் காலைதான் அது கேட்கும். அதன் பதில் வணக்கம் நமக்கு நாளை மறுநாள் காலையில் வரும். பாட்டியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நம்ம ஊருக்குப் போட்ட காயிதத்துக்கு ரெண்டு மாசமாச்சே வாத்தியாரே, இது பரவாயில்லையே" என்று சொல்லிப் பேரனைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.