கட்டிக்குப் பற்றும் செக்ரோல் கணக்கும்

(பேராக் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு என்று பேச வேண்டிய மேடையில் கட்டியைப் பற்றிப் பேச வந்துவிட்டோமே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். அக்குளில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு விடியற்காலையில் மரத்துக்குக் கத்தியைத் தூக்கியவர் மட்டும் சிரிக்க மாட்டார். காண்டாக் கம்பு அழுத்தும் தோளிலே கட்டி எழும்பி, அதோடு இரண்டு வாளிப் பாலையும் சுமந்து நடந்த தாய்மார்களும் சிரிக்க மாட்டார்கள்.

நம் லயங்களில் கட்டிக்கு வைத்தியம் சொல்லாத வீடு கிடையாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி வைத்துக் கட்டுவார்கள். சின்ன வெங்காயத்தைச் சுட்டு மஞ்சளோடு நசுக்கி வைப்பார்கள். அரிசி மாவைக் களியாகக் கிண்டிப் பொறுக்கும் சூட்டில் வைப்பார்கள். சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துத் தடவுவோரும், எருக்கம்பால் வைப்போரும் உண்டு. இவையெல்லாம் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார் மூட்டை முடிச்சோடு கொண்டு வந்தவை. அவர்களைக் கேலி செய்ய நாம் இங்கு வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று பிரித்துப் பார்க்கவே வந்தோம்.

கட்டி ஏன் வருகிறது? "உடம்புச் சூடு" என்போம். மாம்பழத்தின் மேலும் டுரியானின் மேலும் பழியைப் போடுவோம். பாவம், அந்தப் பழங்கள்! ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் 1880ஆம் ஆண்டில் சீழை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதிலே திராட்சைக் குலைபோல் கிருமிகள் கூடியிருந்தன. பெரும்பாலான கட்டிகளுக்கு அந்தக் குடும்பத்துக் கிருமியே காரணம். பத்துப் பேரில் மூன்று பேர் மூக்குக்குள்ளேயே அது குடியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு தொல்லையும் தெரியாது. வியர்வையில் ஊறிய தோலிலே சட்டை உராயும்போது, கொசுக்கடியைச் சொறிந்து தோல் கிழியும்போது, மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கிச் சீழ் கட்டுகிறது. நம் வேலையில் வியர்வையும் உராய்வும் கொசுவும் ஒரு நாளாவது இல்லாமல் இருந்ததுண்டா?

இப்போது பற்றுக்கு வருவோம். களியானாலும், வாட்டிய வெற்றிலையானாலும், சுட்ட வெங்காயமானாலும், அதிலே வேலை செய்வது பெரும்பாலும் சூடுதான். இதமான சூடு பட்டால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது. கட்டி பழுத்துத் தானே உடைய வழி பிறக்கிறது. பாட்டிமார் இதைக் கிருமி என்ற பேரே தெரியாமல் கண்டறிந்திருந்தார்கள் என்றால் அது சிறிய காரியமா? இன்றைய டாக்டரும் சிறு கட்டிக்கு முதலில் சொல்வது அதையேதான்: சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்க வேண்டும். வேம்பும் மஞ்சளும் சோதனைச் சாலையில் கிருமியை அடக்கியதுண்டு; கட்டியை ஆற்றும் என்று உறுதிப்படவில்லை. உடையாத கட்டியின் மேல் போடுவதால் பெரிய கெடுதல் இல்லை. உடைந்த புண்ணிலே அம்மியில் அரைத்ததை அப்பக் கூடாது. அம்மி எவ்வளவு சுத்தம் என்பது நம் வீட்டாருக்கே தெரியும்.

சுண்ணாம்பும் எருக்கம்பாலும் வேறு சங்கதி. இரண்டும் தோலை வேக வைக்கும். எருக்கம்பால் கைபட்டுக் கண்ணில் ஏறினால் பார்வைக்கே ஆபத்து. இவற்றைத் தள்ளுங்கள். ஊசியால் குத்துவது, பிளேடால் கீறுவது, பிதுக்குவது, இவற்றையும் தள்ளுங்கள். முக்கியமாக மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் மூளைப் பக்கம் போகின்றன.

தோழர்களே, இனி ஒரு விஷயத்தைச் சற்று வெட்கத்தோடு சொல்கிறோம். நாம் செக்ரோல் எழுதும் தோட்டத்தில் ஒரு அம்மாள், வயது ஐம்பதுக்கு மேல், முதுகிலே கட்டியோடு பதினோரு நாள் பெரட்டுக்கு வந்தார். ஒரு வாயல்ல, நான்கைந்து வாய் வைத்த கட்டி. ராஜபிளவை என்று பெரியவர்கள் சொல்வது. வீட்டில் பற்றுப் போட்டார்கள், பிறகு எருக்கம்பால். பதினோரு நாளும் அவர் பெயருக்கு நேரே நாமே வருகை போட்டோம். முதுகு வளைந்து நிற்பதைப் பார்த்தோம். "ஏன் அம்மா கிளினிக்குப் போகவில்லை?" என்று கேட்டதற்கு, "ஒரு நாள் கூலி போயிடும் கிராணியாரே" என்றார். போகாது என்று அந்த நேரத்தில் நாம் எடுத்துச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் விழுந்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். இரத்தத்தைச் சோதித்தபோதுதான் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. எத்தனை வருடமாய் இருந்ததோ!

கட்டி திரும்பத் திரும்ப வந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதுவே. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு கண்டார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் மிக அதிகம். சர்க்கரை கூடிய உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது. எத்தனை அரைத்துப் போட்டாலும் சர்க்கரை இறங்காமல் அப்படிப்பட்ட கட்டி அடங்குவது கடினம். காய்ச்சல் வந்தாலும், கட்டியைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், ஒரு வாரத்தில் குறையாவிட்டாலும், குழந்தைக்கோ சர்க்கரை நோயாளிக்கோ வந்தாலும், பற்றை எடுத்துவிட்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. முன்பெல்லாம் தோட்டத்திலேயே டிரெசர் இருந்தார். கறுப்புக் களிம்பைத் துணியில் தடவி ஒட்டி அனுப்புவார். இன்று பல தோட்டங்களில் அந்த வசதி இல்லை. செம்பனையாக மாறிய இடங்களில் டவுனுக்கு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான போராட்டம் தனி.

கூலி விஷயத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர் சீட்டுக் கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சர்வீசுக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. அந்த அம்மாளுக்கு இருபது வருட சர்வீஸ். அவருக்கு உரிய நாட்கள் ஏட்டிலே தொடப்படாமல் கிடந்தன.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். விடுப்பு எடுத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் சீட்டு இருந்தும் வராத நாளாகக் கணக்கு வைக்க இடமுண்டு. டெலிபோனில் சொன்னால் யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். சீட்டின் நகல் ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும். கிராணிமார் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெரட்டிலே ஒருவர் கையைத் தூக்க முடியாமல் நின்றால், பேர் கூப்பிட்டு வருகை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த அம்மாள் இப்போது மாதந்தோறும் கிளினிக்குப் போகிறார். போகிற நாளில் முதலில் ஆபீசுக்கு வந்து சொல்லிவிட்டே போகிறார்.

நாம் சொல்லாமல் விட்ட பற்று ஏதேனும் இருந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் எழுந்து சொல்லலாம். தள்ள வேண்டியதா, வைத்துக்கொள்ள வேண்டியதா என்று சேர்ந்தே பார்ப்போம்.