பிறை பார்க்கும் முன்பே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்

(ஷஅபான் மாதத்தில் இளைஞர்கள், வியாபாரிகள் மத்தியில் ஆற்றிய உரை)



 

மது ஹராம் என்று இன்று நான் விளக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். குடிப்பவனுக்கும் தெரியும். "நம் சமுதாயத்தில் குடிகாரர்கள் ஏது?" என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கினால், வாசலிலேயே ஒரு சகோதரி நிற்கிறார். "ஹஜ்ரத், நோன்புப் பிறை பார்த்ததும் விட்டுவிடுவதாக அவர் சத்தியம் செய்திருக்கிறார். துஆச் செய்யுங்கள்" என்கிறார். துஆச் செய்வோம். ஆனால் அதோடு நாம் ஒதுங்கிக்கொண்டால் அந்தச் சகோதரி நோன்பிலேயே இத்தா இருக்க நேரிடலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பல வருடங்களாகத் தினமும் நிறையக் குடிப்பவனின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் வேகமாக ஓடிப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகத்திற்குக் கடிவாளம் இல்லை. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தியே தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பான். இல்லாத ஆளோடு பேசுவான். உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். சிகிச்சை இல்லையென்றால் உயிர் போகலாம். எல்லோருக்கும் இது வருவதில்லை. யாருக்கு வரும் என்று வீட்டிலிருந்து கணிக்கவும் முடியாது. முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவனுக்கு ஆபத்து அதிகம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறை பார்த்த இரவு நிறுத்துகிறான். முதல் நோன்பில் நடுக்கம், மூன்றாம் நோன்பில் பிதற்றல். பகலெல்லாம் தண்ணீரும் இல்லை. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "ஜின் பிடித்துவிட்டது!" ரமளானில் ஷைத்தான்கள் விலங்கிடப்படுகிறார்கள் என்று பயானில் கேட்டுவிட்டு வந்த அதே வீட்டில்தான் இந்தப் பேச்சு! உடனே தாயத்து, தகடு, அறையில் வைத்துப் பூட்டு. நோயாளியைக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர்.

"அப்படியானால் குடித்துக்கொண்டே இருக்கட்டும் என்கிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்பார். இல்லை. நிறுத்தட்டும், மருத்துவமனையில் நிறுத்தட்டும் என்கிறேன். மது ஆரம்பத்தில் படிப்படியாகத்தான் தடுக்கப்பட்டது என்பதை அறிவீர்கள். பகரா, நிஸா, மாயிதா அத்தியாயங்களில் அந்த வரிசையைக் காணலாம். அதைக் காட்டி இன்று ஒருவன் தவணை கேட்க முடியாது. சட்டம் முழுமையாகிவிட்டது. படிப்படியாகக் குறைக்கும் வேலையை மருத்துவர்கள் மாத்திரையைக் கொண்டு செய்கிறார்கள். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்துகளைத் தந்து நாளுக்கு நாள் அளவைக் குறைக்கிறார்கள். தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அந்த நாட்கள் நோன்பில் வந்தாலும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிறகு களாச் செய்துகொள்ளலாம். ஷஅபானிலேயே சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்பதை வாங்கி, அவருக்குத் தெரியாமல் தேநீரிலும் ஆணத்திலும் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்தோடு தர வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அவருடைய குடிக்கடனை நகையை விற்று அடைக்காதீர்கள். கடை முதலாளியிடம் "காய்ச்சல்" என்று அவருக்காகப் பொய் சொல்லவும் வேண்டாம்.

அடி உதையைப் பொறுத்துக்கொள்வது ஸப்ர் அல்ல. குல்உ கேட்கும் உரிமையை மார்க்கம் தந்திருக்கிறது. கொடுமை செய்தாலும், இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காவிட்டாலும் நீதிமன்றத்தில் திருமண ரத்து கேட்க 1939ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஜமாஅத் பஞ்சாயத்தில் "அனுசரித்துப் போம்மா" என்று திருப்பி அனுப்பும் பெரியவர்கள், தங்கள் மகளையும் அப்படி அனுப்புவார்களா?

வியாபாரிகளே! உங்கள் கடைப் பையன் சிகிச்சைக்குப் போனால் பத்து நாள் இடத்தைக் காலியாக வைத்திருங்கள். சம்பளத்தை அவர் சம்மதத்தோடு மனைவி கையில் கொடுங்கள். ஊர் பைத்துல்மாலிலிருந்து கத்னாவுக்கும் கல்யாணத்துக்கும் கொடுக்கிறோம், இதற்கும் கொடுப்போம். அவர் திரும்பி வந்ததும் "என்ன பாய், தெளிஞ்சிருச்சா?" என்று கேலி பேசாதீர்கள். திரும்பத் திரும்பக் குடித்துத் தண்டனை பெற்ற ஒரு தோழரை ஒருவர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. தண்டனையும் உண்டு, சபிக்கத் தடையும் உண்டு. சிகிச்சை முடிந்தும் சிலர் மீண்டும் குடிப்பார்கள். மீண்டும் அழைத்துப் போக வேண்டியதுதான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. வழி தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் கேளுங்கள். வீட்டிலேயே நிறுத்தி வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் 108ஐ அழையுங்கள், ஓதிப் பார்ப்பதை ஆம்புலன்ஸில் வைத்துக்கொள்ளலாம். தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்பார். புறப்படும் முன் இதை அவர் மனைவியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார்.