தேய்மானத்திற்கு ஒரு விலை



சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தமக்கையின் மகனுடன் தில்லியில் ஓர் இசைக்கருவிக் கடைக்குச் சென்றிருந்தோம். பிள்ளையாண்டான் பெங்களூரில் பொறியாளனாக வேலையில் அமர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. உணவிலும் வாடகையிலும் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு மின்சாரக் கிதார் ஒன்று வாங்க வேண்டுமென்பது அவனது நெடுநாளைய விருப்பம். "மாமா, நீங்களும் உடன் வர வேண்டும்" என்று அழைத்தான். கிதாரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவன் நன்கறிவான். பேரம் பேசும் இடத்தில் நரைத்த தலை ஒன்று இருப்பது நலமென்று கருதினான் போலும்.

கடையின் சுவரில் இரண்டு கிதார்கள் அருகருகே தொங்கின. வடிவம் ஒன்றே, நிறமும் ஒன்றே. ஒன்று, விளக்கி வைத்த பித்தளைக் குடம் போல் பளபளத்தது. மற்றொன்றோ காண்பதற்கு இரங்கத்தக்கதாக இருந்தது. மேல் விளிம்பில் வண்ணம் உதிர்ந்து மரம் தெரிந்தது. முதுகுப்புறம் கீறல்கள். திருகாணிகளில் துரு. வெண்மையாயிருக்க வேண்டிய பிளாஸ்டிக் பகுதிகள் பழுப்பேறியிருந்தன.

"இது கைமாறி வந்ததாயிற்றே, எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கடைக்காரரிடம் இந்தியில் கேட்டோம்.

அவர் புன்முறுவல் செய்து, "ஐயா, இரண்டும் புதியவையே. இதற்கு ரூ. 25,000 கூடுதல்" என்றார்.

நாம் மருமகன் முகத்தைப் பார்த்தோம். அவன் வெட்கத்துடன் தலை குனிந்தான். அவன் வாங்க வந்தது அந்த இரண்டாவது கிதாரையே என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

தொழிற்சாலையிலேயே தேய்த்துக் கீறிப் பழமையாக்கி விற்கப்படும் இவ்வகைக் கிதார்களின் வரலாறு சுவையானது. கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் 1938-இல் லியோ ஃபெண்டர் என்பவர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். கிதார் வாசிக்கத் தெரியாத இம்மனிதரே உள்ளீடற்ற பெட்டியைக் கைவிட்டு, கெட்டிப் பலகையால் உடலமைந்த மின்சாரக் கிதாரை 1950-இல் சந்தைக்குக் கொணர்ந்தார். டெலிகாஸ்டர் என்ற பெயர் அதற்கு 1951-இல் அமைந்தது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் தோன்றிற்று. 1965-இல் அவர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதன் பின்னர் வேலைத்திறம் குன்றிவிட்டதென்று வாசிப்போர் பலர் குறைகூறினர். ஆகவே 1965-க்கு முற்பட்ட கருவிகளைத் தேடி அலைவோர் பெருகினர். அவற்றின் விலையும் ஆண்டுதோறும் ஏறி, சாதாரணக் கலைஞர் எட்ட இயலாத உயரத்தை அடைந்தது.

நிறுவனத்தை அதன் அலுவலர் சிலர் முதலீட்டாளருடன் கூடி 1985-இல் மீட்டனர். 1987-இல், தனித்தனியே கையால் செய்துதரும் பட்டறை ஒன்றும் ஏற்பட்டது. அப்பட்டறையினர் 1995-இல் ஒரு புதுமையைக் காட்டினர். ஐம்பதுகளின் கிதாரை அப்படியே செய்து, அதன்மேல் நாற்பதாண்டுத் தேய்மானத்தையும் ஏற்றி விற்பதே அப்புதுமை. தொடக்கத்தில் சில ஆண்டுகள், இதற்கான உடல்களும் கழுத்துகளும் மிசூரி மாநிலத்தில் வின்ஸ் குனெட்டோ என்பவரிடம் பழமையேற்றம் பெற்றன. 2009-இல் மெக்சிகோவில் செய்யப்பட்ட மலிவான வரிசையும் வந்தது. போட்டி நிறுவனமாகிய கிப்சனும் வாளா இருக்கவில்லை. டாம் மர்ஃபி என்ற கைவினைஞரின் பெயரால் 2021-இல் ஒரு தனிப் பிரிவையே அமைத்து, இலேசான தேய்மானம் முதல் மிகக் கடுமையான தேய்மானம் வரை படிப்படியாக வகுத்து விற்கிறது.

இக்கிதார்களுக்கு ஃபெண்டர் நிறுவனம் இட்ட பெயர் 'ரெலிக்' என்பது. மொழிபெயர்ப்பே நம் பிழைப்பாகையால் இச்சொல் நம்மைச் சற்று அலைக்கழித்தது. மேல்நாட்டுத் தேவாலயங்களில் பேணப்படும் புனிதர்களின் எலும்புக்கும் ஆடைக்கும் உரிய சொல் அது. பௌத்தர்கள் தாது என்பர். அலுவலகக் கோப்பில் வந்திருந்தால் 'புனித எச்சம்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருப்போம். ஆனால் எவருடைய எச்சம்? வாழ்ந்து மறைந்தவர் ஒருவர் இருந்தாலன்றோ எச்சம் இருக்கும்! இந்தக் கிதாரையோ இன்னும் ஒருவரும் வாசிக்கவேயில்லை.

மெய்யான தேய்மானம் உண்டாகும் விதத்தை அறிந்துகொண்டால், பொய்யான தேய்மானத்தின் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. பழைய கிதார்களின் மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெல்லிய லாக்கர். மரம் ஈரத்தை உண்டு விரியும், வறட்சியில் சுருங்கும். நாள்பட இறுகிவிட்ட லாக்கரால் அதற்கு ஈடுகொடுக்க இயலாது. மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். வாசிப்பவரின் வலது முன்கை படியும் மேல் விளிம்பில் வண்ணம் கரையும். இடுப்புவாரின் கொக்கி முதுகுப்புறத்தைக் கீறும். இடக்கைப் பெருவிரல் ஓயாது நகரும் கழுத்தின் பின்புறம் வழுவழுப்பாகும். வியர்வை உலோகத்தை அரிக்கும். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலஹர் 1963-இல் கார்க் நகரில் வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டரில், இடைவிடாத மேடை வாசிப்பாலும் வியர்வையாலும் வண்ணத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அவர் 1995-இல் மறைந்தார். அக்கிதார் 2024-இல் ஏலத்தில் விற்கப்பட்டு, பின்னர் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

இவ்வளவையும் பட்டறையில் சின்னாட்களில் செய்துமுடிக்கின்றனர். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்க்கின்றனர். லாக்கரைத் திடீரெனக் குளிரவைத்தோ, கூரிய அலகால் கோடிழுத்தோ வெடிப்புகளை உண்டாக்குகின்றனர். திருகாணிகளை அமிலப் புகையில் வைத்து மங்கச் செய்கின்றனர். வெளிறிய மேப்பிள் மரத்தில் கருமையேற்றி, விரல் அழுக்குப் போல் தோன்றச் செய்கின்றனர். எரிக் கிளாப்டன் பல்லாண்டுகள் வாசித்த 'பிளாக்கி' என்னும் கிதார் 2004-இல் நியூயார்க் ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விலைபோயிற்று. 2006-இல் அதன் படிகள் 275 செய்யப்பட்டு, ஒவ்வொன்றும் 24,000 டாலர் விலையிடப்பட்டது. நாம் பொழுதெல்லாம் ஆவணங்களின் உண்மை நகலோடு உழல்பவர். மூலத்தில் தேநீர்க் கறை இருந்தால் அதையும் நகலில் வரைய வேண்டுமென்று இதுவரை எந்த மேலதிகாரியும் நம்மிடம் கேட்டதில்லை.

அன்று கடையில் நம் நகைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. மேல் விளிம்பில் மரம் தெரிந்த அந்த இடத்தைக் கண்டபொழுது மனம் கும்பகோணத்துக்குச் சென்றுவிட்டது.

நம் அன்னையார் வீணை வாசிப்பவர். மேடை ஏறியவரல்லர், மாலையில் விளக்கேற்றிய பின் கூடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பார், அவ்வளவே. அவர் வீணையின் குடத்தில், வலக்கை படியும் விளிம்பில் மெருகு போய்ப் பலாமரத்தின் மஞ்சள் நிறம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். மெட்டுகளில் கம்பி அறுத்த பள்ளங்கள் இருந்தன. 2006-இல் அவர் காலமானார். 2008-இல் நமக்குத் தில்லிக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வேற்றூரில் வாழும் நேயர்கள் பலருக்கு அந்நாட்களின் பதற்றம் தெரிந்திருக்கும். எதை எடுத்துச் செல்வது, எதை உறவினர் வீட்டில் வைப்பது, எதை விற்பது என்று பத்து நாட்களில் முடிவு செய்ய வேண்டும். இரண்டு அறை கொண்ட குடியிருப்பில் வீணைக்கு இடமிராது என்று நாமே தீர்ப்பளித்துக்கொண்டோம். வாங்க வந்தவர் வீணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைத் தடவி, "மெருகு போய்விட்டதே" என்றார். மெட்டுகளைக் காட்டி, "இவ்வளவும் தேய்ந்திருக்கிறது" என்றார். ஒவ்வொரு குறைக்கும் ஆயிரம் ஆயிரமாகக் கழித்து, முடிவில் ரூ. 7,000 கொடுத்தார். அவர் பேச்சில் தவறில்லை. நாமும் மறுத்துப் பேசவில்லை.

அந்த உள்ளங்கை அகலத் தேய்மானத்துக்காக அன்று விலையைக் குறைத்துக்கொண்டோம். அதே போன்ற தேய்மானத்துக்கு, எவர் கையும் படாத மரத்தில், இன்று கூடுதல் பணம் கேட்கின்றனர். மருமகனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் பிறந்த வீட்டில் வீணை இல்லை.

"இதை ஏன் விரும்புகிறாய், தம்பி?" என்று மட்டும் கேட்டோம்.

அவன் சிறிது யோசித்து, "புதிதை எடுத்தால் கை கூசுகிறது, மாமா. ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே வாசிக்க வேண்டும். இதில் அந்த அச்சமில்லை. கழுத்தைப் பிடித்துப் பாருங்கள்" என்றான்.

பிடித்துப் பார்த்தோம். அவன் கூறியது மெய்யே. பளபளக்கும் கிதாரின் கழுத்து, வியர்த்த கையில் ஒட்டியது. தேய்த்த கழுத்தோ, நாட்பட்ட ஊன்றுகோல் போலக் கையில் இயல்பாக அமைந்தது. விரற்பலகையின் ஓரங்களும் மழுங்கி இதமாக இருந்தன. சென்னையிலும் மும்பையிலும் வியர்வை வழிய வாசிப்போருக்கு இஃது உண்மையான பயன். இந்த அளவுக்குப் பணம் கொடுப்பதில் குற்றமில்லையென்று நமக்குப் பட்டது. கடுமையான தேய்மான வகைகளோ நாடக வேடம். அவற்றுக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்கே அன்றிக் கைக்கு அன்று. ஒலியைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளையும் நாம் நம்பவில்லை. கெட்டிப் பலகைக் கிதாரில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருளே மின்னோட்டமாக்குகிறது. விளிம்பில் வண்ணத்தைச் சுரண்டுவதால் அதற்கு என்ன ஆகிவிடும்?

வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு, அன்று கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லலாம். தோற்றம் பழையதாயினும் உள்ளே யாவும் புதியவை. ஆகவே புதிய கிதாரைச் சோதிப்பது போலவே சோதிக்க வேண்டும். கழுத்து நேராக இருக்கிறதா என்று நுனியிலிருந்து ஒரு கண்ணால் நோக்குக. ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டி, நமநமப்பு உண்டா என்று கேட்க. துருவேற்றிய சிறு திருகாணிகளைக் கடைக்காரரைக் கொண்டே திருப்பச் செய்க. அழகுக்காக ஏற்றிய துரு இறுகிவிட்டால் கம்பியின் உயரத்தைச் சரிசெய்ய இயலாது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மென்மையானது. சிலவகை ரப்பர் தாங்கிகளில் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொண்டு கரையும். கொசு விரட்டும் களிம்பு தடவிய கையால் தொடலாகாது. அக்களிம்புகள் பலவற்றிலுள்ள டீட் என்னும் பொருள் லாக்கரை இளக்கிவிடும். தில்லியில் வாழ்வோர் சித்திரையின் வறட்சிக்கும் ஆவணியின் ஈரத்துக்கும் இடையே கழுத்து வளையும் என்பதையும் நினைவிற் கொள்க.

மற்றொன்று முக்கியமானது. தொழிற்சாலையே பழமையேற்றி, அதை வெளிப்படையாகச் சொல்லி, சான்றிதழுடன் விற்பது ஏமாற்று அன்று. அதே கலையைக் கற்ற வேறொருவர், உதிரிப் பாகங்களைக் கூட்டித் தேய்த்து, 1962-ஆம் ஆண்டுக் கிதார் என்று விற்றால் அது மோசடி. பழையது என்று சொல்லிப் பெரும்விலை கேட்டால், விளிம்பைப் பார்த்து மயங்காமல், மூடியைக் கழற்றி உட்புறத்து மின்கம்பிகளையும் பற்றவைப்பையும் அறிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

மருமகன் இலேசான தேய்மானமுள்ள கிதார் ஒன்றையே வாங்கினான். அதன் விரற்பலகை ஈட்டி மரம் என்று கடைக்காரர் சொன்னார். பிரேசில் நாட்டு மரத்தின் வாணிகம் 1992-இல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடைப்பட்டது; அதற்கு முன்பிருந்தே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார்களில் மிகுதியாக இடம்பெற்று வருகிறது. மலைச்சரிவில் வளர்ந்து, கடல் கடந்து, கிதாராகித் திரும்பி வந்திருக்கும் மரமோ என எண்ணி ஒருமுறை தடவிப் பார்த்தோம். பேரத்தில் ரூ. 3,000 குறைந்தது; நரைத்த தலை முற்றிலும் வீண்போகவில்லை.

பங்குனி மாதத்தில் ஓர் இரவு, மணி பத்தரை இருக்கும், பெங்களூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். குரல் தழுதழுத்தது. யாருக்கோ உடல்நலமில்லையென்று நாம் அஞ்சிவிட்டோம்.

"மாமா, கிதாரைத் தோளில் மாட்டியபடி திரும்பினேன். நிலைக்கதவில் இடித்துவிட்டது. அடிப்பக்கத்து ஓரத்தில் அரையங்குல நீளத்துக்கு வண்ணம் பெயர்ந்துவிட்டது."

"அதில்தான் முன்பே நூறு கீறல் இருக்கின்றனவே, அப்பா!"

"அவையெல்லாம் வேறு, மாமா. இது நான் செய்தது" என்றான். பிறகு, அதை மறைக்க ஏதேனும் வழியுண்டா என்று கடைக்காரரை விசாரித்துச் சொல்லும்படி கேட்டான்.

மறைக்க வேண்டாமென்று சொல்லி வைத்தோம்.