ருசிப்பது வேறு, குடிப்பது வேறு
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



தூத்துக்குடியில் படித்துவிட்டுக் கப்பலேறியவன் நான். கண்டதில் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். வெள்ளை ஒயினைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முன்வரிசையில் புருவங்கள் உயர்வது தெரிகிறது! குடிக்கச் சொல்லி நான் வரவில்லை.

கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, அந்த நாட்டுக்காரரான எங்கள் சீஃப் இஞ்சினீயர் என்னைக் கரையோரச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். பொரித்த மீன், கூடவே சாண்டோரினித் தீவின் வெள்ளை ஒயின். அசிர்டிகோ என்ற திராட்சையில் செய்தது. அந்த எரிமலை மண்ணில், காற்றுக்குப் பயந்து, கொடியைக் கூடை போலச் சுருட்டித் தரையோடு வளர்ப்பார்களாம்.

ஒரே மடக்காகக் குடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இது மருந்தில்லை!"

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றினார். கைச்சூடு ஏறாதபடி காம்பைப் பிடிக்க வேண்டும். முதலில் நிறம்: வெளுத்த வைக்கோல். பிறகு மணம்: எலுமிச்சைத் தோல். அதன் பிறகே ஒரு வாய். அதையும் நாக்கில் கொஞ்சம் நிறுத்தணும். இனிப்பே இல்லை. நாக்கின் ஓரங்களில் சுளீரென்று புளிப்பு, கடைசியில் லேசான உப்புக்கரிப்பு. நம்ம ஊர் சீலா மீன் வறுவலில் எலுமிச்சை பிழிந்த ஞாபகம் வந்தது. திராட்சையின் முக்கியமான புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் குழம்புப் புளியிலும் அதேதான். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமா என்ன?

வரலாற்றிலும் அந்நியமில்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி, கிரேக்கரின் காஸ் தீவில் ஒயினில் கடல்நீர் கலப்பதையும், அதில் வெள்ளை வகை ஒன்று இருந்ததையும் எழுதியிருக்கிறார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடித் துண்டுகளில் காஸ் தீவு வகையும் உண்டு. பாண்டிய நாட்டு அழகன்குளத்திலும் ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டியரின் முத்துத் துறைதான், இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிப் போய்விட்ட நம் கொற்கை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியனுக்குச் சொல்லும் நக்கீரர், அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் மறக்காமல் சொல்கிறார். ருசி தெரிந்த மனிதர்!

இதை ஏன் சொல்கிறேன்? விடுதியில் என் அறையில் இருந்த நண்பன் இன்று இங்கே இல்லை. பாடுவான், கடலில் மீனைப் போல நீந்துவான். குடி அவனை நாற்பது வயதில் கொண்டுபோய்விட்டது. அவன் ஒரு நாளும் ருசித்துக் குடித்ததில்லை. கண்ணை மூடி மடக்கென்று விழுங்குவான். மறப்பதற்காகக் குடித்தான். பக்கத்தில் இருந்த நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. பிரேயஸில் என் கையைப் பிடித்தவரை நினைக்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது.

மாணவச் செல்வங்களே, ருசிக்கப் பழக ஒயின் வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஒரு பட்டை பதநீர் வாங்குங்கள். முகர்ந்து பாருங்கள், வாயில் நிறுத்துங்கள். பனையின் இனிப்பும் சுண்ணாம்பின் வாடையும் தனித்தனியே தெரியும். பக்கத்தில் ஒரு நண்பன் எதையாவது மடக்கென்று விழுங்கிக் கொண்டிருந்தால், அவன் கையைப் பிடியுங்கள்.