எழுத்துக்கூட்டினால் போதுமா?

வங்கியில் குமாஸ்தா நான். கையெழுத்தைப் படம்போல வரைகிற தாய்மார்களைத் தினம் பார்க்கிறேன். குழந்தையும் தன் பெயரை முதலில் படமாகத்தான் அடையாளம் காணுது. பிறகு எழுத்துக்கூட்டும், பிறகு சரளமாக வாசிக்கும். அதற்கப்புறம்தான் வாசித்து அறியும்.

இப்படிப் படிகளை வகுத்து 1983இல் புத்தகம் எழுதினார் அமெரிக்கர் ஜீன் சால். அங்கேயும் ஏழைக் குழந்தைகள் நாலாம் வகுப்பு வாக்கில் சறுக்குவதை 1990இல் சகாக்களோடு எழுதினார். முதலில் தடுக்கியது பாடநூலின் அரிய சொற்களுக்கு அர்த்தம் சொல்வதில்.

நம்ம சேரி இரவுப் பள்ளியில் நாலாம் வகுப்புச் சிறுமி ‘நீர்ப்பாசனம்’ என்று பிசகாமல் வாசித்தாள். அர்த்தம் கேட்டேன், முழித்தாள். “மடை திறந்து தண்ணி பாய்ச்சறது” என்றேன்.

“எங்கப்பா செய்யற வேலையாண்ணா?”

அவளை மக்கு என்று எந்த வாத்தியார் சொல்ல முடியும்? 247 எழுத்தோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகளோடு பேசுங்கள், தினம் கதை வாசித்துக் காட்டுங்கள்.