உடல்வலு வேறு, பயிற்சி வேறு
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டிவரும் கழகத்தின் விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். படிப்பைக் கெடுக்கும் பேச்சு என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டும். நாம் பேச இருப்பதும் கல்வியைப் பற்றித்தான். கையும் காலும் கண்ணும் கற்கும் கல்வி அது.

நம் பிள்ளைகளைக் குறித்து வெளியார் வழங்கும் புகழ்ச்சி ஒன்று உண்டு. "உங்கள் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உடல்வலு, விளையாட்டு தானாக வந்துவிடும்" என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் ஒரு சாராருக்கு மூளையும் இன்னொரு சாராருக்கு உடம்பும் பங்கிட்டுக் கொடுத்த பழைய கணக்கு அதற்குள் ஒளிந்திருக்கிறது. தானாக வரும் என்றால் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் எதற்கு? பந்து எதற்கு? மைதானம் எதற்கு? பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்த வலுவைப் பிறவியின் கணக்கில் எழுதிவிட்டு, கொடுக்க வேண்டிய பயிற்சியை மறுத்துவிடுகிறார்கள். வாடிப்பட்டி மேளத்தைத் தமிழகம் அறியும். அந்தக் கை பிறவிக் கையா? எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று வாசிப்பவரைக் கேட்டால் தெரியும்.

1876-இல் பிறந்த பல்வங்கர் பாலுவின் வரலாற்றை இளைஞர்கள் அறிய வேண்டும். செருப்புத் தைக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்ட, தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பின் கிரிக்கெட் மைதானத்தில் உருளை இழுக்கவும் வலை கட்டவும் அமர்த்தப்பட்ட வேலையாள். துரைமார் மட்டை வீசிப் பழகுவதற்காக அவரைப் பந்து வீசச் சொன்னார்கள். மணிக்கணக்கில் வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. அந்த மணிக்கணக்கான பயிற்சியே அவரை நாட்டின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆக்கிற்று. 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் புனேயில் அவரோடு ஆடிய இந்து வீரர்கள், தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். இந்து அணியின் தலைமைப் பதவியும் அவருக்குக் கிட்டவில்லை; அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் கிட்டியது. (1937 தேர்தலில் பாலு டாக்டர் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார் என்பது வேறு கதை.) பாலுவுக்குப் பந்துவீச்சுக் கைவந்ததும் மட்டை கைவராததும் பிறவியின் குணமா? எதைப் பழக விட்டார்களோ அது வந்தது.

வலு ஒன்றே போதும் என்று எல்லோரும் நம்பும் ஆட்டம் ஒன்றை எடுத்து இதைச் சோதித்துப் பார்ப்போம். அது ரக்பி. நம் வட்டாரத்துக்குப் புதிது. இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் பெயரால் வழங்குவது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்தால் 5 புள்ளி. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ தான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். சடுகுடு ஆடிய ஊருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வெள்ளையர் இதை இங்கே தமக்குள் மட்டும் ஆடினார்கள். கல்கத்தாவில் அவர்கள் நடத்திய கிளப் கலைந்தபோது மீதமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து 1878-இல் இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கோப்பைக்காக மோதுகின்றன. நம் நாட்டு வெள்ளி!

அந்த ஆட்டத்தை நம்மைப் போல் ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் கையில் எடுத்தார்கள். ஒடிசாவில் புவனேசுவரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் என்னும் விடுதிப் பள்ளி இருக்கிறது. காலணி அணிந்து ஓடிப் பழகாத அப்பள்ளிச் சிறுவர்கள், சில மாதப் பயிற்சியோடு 2007-இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோர் பன்னாட்டுப் போட்டிக்குச் சென்றார்கள். இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியை 19–5 என்ற கணக்கில் வென்றார்கள். 2022-இல் 'ஜங்கிள் கிரை' என்று படமும் வந்தது. பிள்ளைகளை ஊரிலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்து வளர்ப்பது முறையா என்னும் வாதம் அந்நிறுவனத்தைப் பற்றி அறிஞரிடையே உண்டு. அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது என்பதே நம் கருத்து. நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பழக வேண்டும். எனினும் அந்த வெற்றியைக் காட்டுப்பிள்ளைகளின் பிறவி வேகம் என்று எழுதியவர்களை நாம் ஏற்பதற்கில்லை. வேகம் மட்டும் இருந்தால் பந்தை முன்னோக்கி எறிந்து தோற்றிருப்பார்கள்.

பின்னால் கொடுப்பது எளிதன்று. முன்னே ஓடும் கால், பின்னே பார்க்கும் கண், பக்கத்தில் நீளும் கை ஆகிய மூன்றும் ஒன்றுசேரப் பல மாதங்கள் ஆகும். ஆகவே அறிந்த பயிற்சியாளர் முதல் ஆண்டில் யாரையும் வீழ்த்த விடமாட்டார். இரு கையாலும் தொட்டாலே பிடிபட்டதாகக் கொள்ளும் தொடு ரக்பிதான். அடுத்தது விழக் கற்பது. முழங்கால், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் படுமாறு, பந்தை மார்போடு அணைத்து, கையை ஊன்றாமல் விழ வேண்டும். அதன் பின்னரே பிடி. முதலில் மணலில் இருவரும் மண்டியிட்டு, பிறகு நடந்து, பிறகு மெல்ல ஓடி.

இங்கே சடுகுடு ஆடிய பிள்ளைக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. கணுக்காலைப் பற்றத் தலையை முன்னே நீட்டிப் பாய்வது அவன் பழக்கம். ரக்பியில் எதிரே வருபவன் முழு வேகத்தில் வருவான். அவன் முழங்காலின் முன்னே நம் பிள்ளையின் தலை இருக்கும். தலை ஓடுபவனின் பின்பக்கமாக ஒதுங்க, கண் திறந்திருக்க, தோள் தொடையில் பட, இரு கையும் வளைத்துக் கட்ட வேண்டும். வலுவுள்ள பிள்ளைக்குத்தான் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். தன் வலுவை நம்பித் தலையைக் கொடுப்பவன் அவனே.

தலையில் அடிபட்டுப் பிள்ளை தள்ளாடினாலோ, கண் மங்குகிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, நடந்ததை மறந்தாலோ உடனே ஆட்டத்தை விட்டு வெளியேற்ற வேண்டும். அன்றைக்கு மறுபடி இறக்கவே கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். "நம்ம பிள்ளை தாங்குவான்" என்ற சொல் அப்போது எழும். புகழ்ச்சிபோல் தோன்றிய அந்தப் பிறவி வலுப் பேச்சு உயிருக்கே உலை வைப்பது இந்த இடத்தில்தான்.

பிள்ளைகளை வயதை மட்டும் பார்த்து இணை சேர்ப்பதும் தவறு. 13 வயதில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், இன்னொருவன் சிறுபிள்ளையாகவே இருப்பான். எடையும் வளர்ச்சியும் பார்த்துச் சேர்க்க வேண்டும். அந்த வயதில் உயரமானவனை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, சிறியவனைப் பந்து பொறுக்க விடும் பயிற்சியாளர் நாளைய ஆட்டக்காரனை இன்றே இழந்துவிடுகிறார். விடுமுறை நாளில் கூலி வேலைக்குப் போய் வந்த பிள்ளை மறுநாள் சோர்ந்திருந்தால் சோம்பேறி என்று திட்டாமல், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் ஆசிரியர் வேண்டும். முட்டையும் நிலக்கடலையும் சுண்டலும் பயிற்சியின் பகுதியே.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2019-இல் மணிலாவில் இந்திய மகளிர் அணி சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. 15 பேர் ஆடும் ரக்பியில் நம் மகளிர்க்கு அதுவே முதல் பன்னாட்டு வெற்றி. கடைசி நேரத்தில் பெனால்டி உதையால் வெற்றிப் புள்ளிகளைச் சேர்த்தவர் முன்னே சொன்ன ஒடிசாப் பள்ளியில் வளர்ந்த சுமித்ரா நாயக். பந்தை ஊன்றி வைத்து, கம்பத்தைப் பார்த்து, ஆயிரம் முறை உதைத்துப் பழகிய கால் அது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரைக்கு அருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்தில் வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். தயங்கிய பாட்டியிடம் பேசி இசையவைத்து, கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பேசியதும் பயிற்சிதான். பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் கழிப்பறையும், உடைமாற்ற அறையும், இருட்டுமுன் வீடு சேர்க்கப் பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் "பெண்கள் வருவதில்லை" என்று குறைகூறுவதில் பயனில்லை.

எல்லாப் பிள்ளைகளும் நாட்டுக்கு ஆடப் போவதில்லை. பெற்றோரிடம் அப்படி ஆசை காட்டுவது ஏமாற்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் எந்த ஆட்டம், எந்த நிலைப் போட்டி, எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்பதைக் கட்டணம் கட்டுமுன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். வண்ணக் காகிதத்தில் அச்சடித்த சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நேர்காணல் அன்று அது செல்லாது என்று அறிவது கொடுமை.

இனி மைதானம். ஊர்ப் பொதுத் திடலில் நம் பிள்ளைகள் இறங்கினால் முகம் சுளிப்போர் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். சண்டைக்குப் போக வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். அரசுப் பள்ளி மைதானம் பொதுச்சொத்து. மாலை 4.30 முதல் 6 மணிவரை பயிற்சிக்கு இசைவு கேட்டுத் தலைமையாசிரியருக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கழகத்தின் பெயரில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரலாம் என்று அதில் எழுதுங்கள். ஆடுமுன் கல்லும் கண்ணாடித் துண்டும் முள்ளும் பொறுக்கி, இறுகிய செம்மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளிக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் தாள் குத்தும். அது விழுந்து பழக உதவாது. பந்துக்கு அவசரமில்லை. முதல் மாதத்துக்கு விழக் கற்றாலே போதும். அதற்கு ஒரு வண்டி மணல் வேண்டும்.