கழுதை ஏறியவனுக்கும் ஊர் வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர்வரிசையில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! செங்கல்பட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே!

குற்றவாளியைத் திருத்துவது ஊரறியும் அவமானமா, உள்ளம் உணரும் மன்னிப்பா? இதுதான் தலைப்பு. நான் மன்னிப்பின் பக்கம்.

எனக்கு முன்னாடி பேசின நண்பர் என்ன சொன்னாரு? "மொட்டையடி, கரும்புள்ளி செம்புள்ளி குத்து, கழுதை மேல ஏத்தி ஊரைச் சுத்த விடு. ஜென்மத்துக்கும் தப்புப் பண்ண மாட்டான்"னாரு. நீங்களும் கை தட்டினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கழுதை என்னய்யா பாவம் பண்ணிச்சு? (சிரிப்பு)

ஆதாரத்துக்கு உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டினாரு. நல்ல ஆதாரம்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர், இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டி வைத்தது. முப்பது குடும்பு, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கிற குடவோலை முறை. யார் யார் பேரை எழுதக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. கழுதை ஏறினவன் பேரை எழுதக் கூடாது. கள்ள ஆவணம் எழுதினவன் பேரை எழுதக் கூடாது. வாஸ்தவம்.

ஆனா நண்பர் பாதிச் சுவரைப் படிச்சுட்டு ஓடி வந்துட்டாரு! (சிரிப்பு) மீதிச் சுவர் என்ன சொல்லுது? பாவம் செய்து, பிராயச்சித்தம் பண்ணிச் சுத்தமானவன் பேரையும் சாகும் வரைக்கும் ஓலையில் எழுதக் கூடாதுங்குது. கவனிங்க. சுத்தமாயிட்டான்னு கல்வெட்டே ஒத்துக்குது. பதவிதான் இல்லைங்குது. ஊரை விட்டுப் போடான்னு அந்த இடத்துல சொல்லலை. இதை நான் முழு மனசோட ஏத்துக்கறேன். கணக்கில் கை வைத்தவனிடம் மறுபடியும் சாவியைக் கொடுக்காதே. ஆனால் அவன் வீட்டுச் சோற்றுப் பானையை உடைக்காதே! (கைதட்டல்)

அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. கணக்குக் காட்டாதவன் மட்டும் இல்லை. அவன் சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, அவங்க பேரையும் எழுதக் கூடாதாம். பார்த்தீங்களா? தப்புப் பண்ணினவன் ஒருத்தன், தலை குனியறது ஒரு வம்சம். சிறைத் தண்டனைக்கு விடுதலைத் தேதி உண்டு. அவமானத்துக்குத் தேதி போட்டவன் எவன்?

சரி, யாரைக் கழுதையோடு சேர்த்தார்கள் என்று பார்ப்போம். 1855ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க வெள்ளைக்காரன் அமைத்த குழு ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தச் செங்கல்பட்டும் அந்த மாகாணத்து ஜில்லாதான். நிலவரி பாக்கி வைத்த குடியானவனை என்ன பண்ணினார்கள் தெரியுமா? வெயிலில் குனிய வைத்தார்கள். தலைமயிரைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டினார்கள். எலும்பைக் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். அவன் திருடனா? மழை பொய்த்துப் போன ஏழைங்க! ஊரறியத் தண்டிக்கிற அதிகாரத்தைக் கையில் கொடுத்தால், அது பெரிய திருடனைத் தேடிப் போகாது. எதிர்த்துப் பேச நாதியில்லாதவனைத் தேடித்தான் போகும். (கைதட்டல்)

இலக்கியத்துக்கு வாங்கன்னு கூப்பிடுறாங்க, வர்றேன். "சிலப்பதிகாரத்திலேயே இருக்கே, புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தில் மூட்டையைத் திருடினவன் அதைத் தலையில் சுமந்துகொண்டு சுற்றிச் சுற்றி வரவேண்டும்" என்றார் நண்பர். இருக்கிறது. பொய்யரையும் போலித் தவசியரையும் பிடித்துத் தின்கிற சதுக்கப் பூதமும் அந்தக் காப்பியத்தில் இருக்கிறது. ஆனா ஐயா, பூதம் தப்பான ஆளைப் பிடிக்காது. மனுஷன் பிடிப்பான்! அதே சிலம்பில், மதுரையில் என்ன நடந்தது? ஒரு பொற்கொல்லன் சொன்னான், கள்வன் என்று. அரசன் விசாரிக்கவில்லை. கோவலன் தலை போனது. சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகு பாண்டியன் உயிரையே கொடுத்தான். கோவலன் உயிர் திரும்பி வந்ததா? இளங்கோ ஒரே நூலில் இரண்டையும் வைத்திருக்கிறார். புகாரை மட்டும் படிச்சுட்டு மதுரையை விட்டுடக் கூடாது. (கைதட்டல்)

கம்பனைப் பாருங்கள். கௌதமரின் சாபத்தால் இந்திரன் உடம்பெல்லாம் ஆயிரம் அவமானக் குறி. அதற்கு மேல் ஓர் ஊரறியும் தண்டனை உண்டா? அப்புறம் தேவர்கள் வந்து கெஞ்சினார்கள். முனிவர் மனம் இரங்கினார். அத்தனை குறியும் கண்ணாக மாறியது. அவமானமாக இருந்தவரை அது வெறும் புண். மன்னிப்புப் பட்டதும் பார்வை.

"பாதிக்கப்பட்டவங்களை மறந்துட்டியே"ன்னு எதிரணியில் ஓர் அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் உரிமை. அவர் கொடுக்கவில்லை என்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தண்டனையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; சட்டம் கொடுக்கட்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரும் இல்லாமல், நீதிபதியும் இல்லாமல், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கல்லை எடுக்கிறதே, அதற்கு யார் கொடுத்த உரிமை?

மணிமேகலையை எடுங்க. மகனை இழந்த ராணி அவளைப் பித்தாக்கப் பார்த்தாள், பட்டினி போட்டாள், ஒருவனை ஏவிக் களங்கப்படுத்தவும் பார்த்தாள். எதுவும் பலிக்காமல் கடைசியில் ராணி மன்னிப்புக் கேட்டபோது, பாதிக்கப்பட்டவளே ஆறுதல் சொன்னாள். அதற்கு முன்பே அரசனிடம் அவள் கேட்ட வரம் என்ன? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்பது. அந்த மணிமேகலை பசியாற்ற வந்து சேர்ந்த ஊர், இதோ பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரம்! (கைதட்டல்)

அப்போ வெட்கமே வேண்டாமா? வேண்டும். வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். தீமை செய்தவனை எப்படித் தண்டிக்கிறது என்றும் சொன்னார்: அவனே வெட்கப்படும்படி ஒரு நல்லதைச் செய்துவிட்டுப் போ என்றார். அவரும் நாணத்தைத்தான் தண்டனையாகக் கேட்கிறார். ஆனால் அது உள்ளேயிருந்து வர வேண்டும். ஊர் கூடிச் சிரித்தால் வருவது நாணம் இல்லை, ஆத்திரம்.

சந்தேகம் இருந்தா மாமல்லபுரம் போய்ப் பாருங்க. அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற அந்தப் பெரிய பாறையில் ஒரு பூனை, கையைத் தூக்கி ஒற்றைக் குறியாகத் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! ஆயிரத்து முந்நூறு வருஷமா நம்மைப் பார்த்துச் சிரிக்குது. ஊருக்குப் பயந்து வருகிற ஒழுக்கம் பூனைத் தவம். ஊர் பார்க்கிறவரை கை மேலே இருக்கும்; ஊர் திரும்பினால் எலி காலி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இன்றைக்குக் கழுதை தேவையில்லை. செல்போன் போதும். ஓங்கி ஓர் அறை, ஒரு வீடியோ, விடியறதுக்குள்ள உலகம் சுத்தி வந்துடும். கழுதையாவது தெருமுனையில் நிற்கும்; வீடியோ நிற்குமா? 2020 மார்ச்சில் லக்னோவில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் படத்தையும் முகவரியையும் பேனர் கட்டி வைத்தது அரசாங்கமே. அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, அகற்றச் சொன்னது.

தவறு செய்த சிறுவனின் பேரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. ஏன்? நாளைக்கு அவன் வேலை கேட்டு ஒரு கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பழைய கதையைப் பார்க்கக் கூடாது.

நடுவர் அவர்களே! தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பதவியை மறுக்க உத்திரமேரூர் வழி இருக்கிறது. ஆனால் தண்டனை முடிந்து வருகிறவன் திரும்பி வர ஓர் ஊர் வேண்டாமா? ஊரே இல்லாதவனுக்கு யாரிடம் வெட்கம்? கதவைச் சாத்திவிட்டு, அவன் திருந்தவில்லையே என்று குறை சொல்லாதீர்கள். திருத்துவது உள்ளம் உணரும் மன்னிப்பே என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டு அமைகிறேன். (நீண்ட கைதட்டல்)